நூறு ரூபாய் நோட்டு, 1938 முதல் 2018 வரை: வடிவம் ஏன் மாறியது, எதை இழந்தோம்?

தாள்சேகரன் (இழையைத் தொடங்கியவர்)

இந்திய நோட்டுகளின் வடிவ மாற்றத்தைப் பேசும்போது எல்லா மதிப்புகளையும் சேர்த்துப் பேசினால் உரையாடல் எங்கெங்கோ போய்விடுகிறது. ஆகவே இந்த இழையில் நூறு ரூபாய் நோட்டை மையமாக வைத்துக்கொள்வோம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கி நோட்டு வெளியிடத் தொடங்கிய ஆண்டிலிருந்து இன்றுவரை தொடர்ந்து புழங்கிவரும் மதிப்பு இது. ஐந்நூறு, ஆயிரம், பத்தாயிரம் எல்லாம் இடையிடையே செல்லாமல் ஆக்கப்பட்டபோதும், நூறுக்கு ஒருமுறையும் அந்த நிலை வரவில்லை.

முதல் நூறு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி 1938 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஐந்து ரூபாயும் பிப்ரவரியில் பத்து ரூபாயும் வந்திருந்தன. முன்புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம், பின்புறம் புலித்தலை, கீழே ரிசர்வ் வங்கி ஆளுநர் டெய்லரின் கையொப்பம். அந்த நோட்டுகளில் வெளியீட்டு நகரத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தது. பம்பாய், கல்கத்தா, கான்பூர், தில்லி, கராச்சி, லாகூர் ஆகியவற்றோடு மதராஸ் என்ற பெயருடன் வந்தவையும் உண்டு. சேகரிப்பாளர்கள் இன்றும் நகரத்தைப் பார்த்துத்தான் அந்த நோட்டுக்கு விலை பேசுகிறார்கள்.

குடியரசுக்குப் பின் 1950இல் வந்த நூறு நீல நிறத்தில் இருந்தது. மன்னரின் இடத்தில் சாரநாத்தின் சிங்கத் தலைப்பு (அசோகத் தூணின் உச்சியில் உள்ள சிங்கச் சிற்பம்) வந்தது. பின்புறம் இரண்டு யானைகள் நின்றன. அறுபதுகளில் நோட்டின் அளவு குறைந்தது, யானைகளின் இடத்துக்கு மகாநதியின் மேல் கட்டப்பட்ட ஹிராகுட் அணை வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்காகச் சேவாகிராம ஆசிரமத்தின் பின்னணியில் அமர்ந்திருக்கும் காந்தியைக் கொண்ட சிறப்பு நோட்டு வெளியானது. எழுபதுகளின் இறுதியில் வந்த சிவப்பு கலந்த நோட்டில் அணையோடு வேளாண்மைக் காட்சிகளும் சேர்ந்தன. 1996 ஜூனில் மகாத்மா காந்தி வரிசை தொடங்கியபோது இமயமலைச் சிகரங்கள் வந்தன. 2018 ஜூலையில் ஊதா நிற நோட்டும் அதன் பின்புறத்தில் குஜராத் மாநிலம் பாட்டனில் உள்ள ராணி கி வாவ் என்னும் படிக்கிணறும் வந்தன.

இந்த வரிசையை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அரசு தன்னை எதனோடு சேர்த்துக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கருத்து. மன்னரும் புலியும் ஆட்சியின் அதிகாரம். அணையும் வயலும் ஐந்தாண்டுத் திட்டக்காலத்தின் நம்பிக்கை. மலையும் படிக்கிணறும் இயற்கையையும் தொன்மையையும் நோக்கிய திரும்பல். அணை போய் மலை வந்தது 1991இன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிந்தைய சூழலில் என்பதையும் கவனிக்க வேண்டும். உறுப்பினர்கள் இதை ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா என்று அறிய விரும்புகிறேன்.

முன்னாள்காசாளர்

நண்பர் தாள்சேகரன் அழகாகத் தொகுத்திருக்கிறார். ஆனால் காரணத்தைப் படத்தில் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வங்கிக் கவுண்டரில் பணியாற்றிக் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நோட்டின் வடிவம் மாறுவதற்கு முதல் காரணம் கள்ள நோட்டு, இரண்டாவது காரணம் அச்சுச் செலவு, மற்றவை அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

இது இன்றைய செய்தியும் அல்ல. விக்டோரியா அரசியின் உருவம் பதித்த முதல் அரசு நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சிட்டார்கள் என்பதால்தான் 1867இல் அவை விலக்கப்பட்டு வேறு வடிவம் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் தரமான கள்ள நோட்டுகளை அச்சிட்டதால், 1944இல் ஆறாம் ஜார்ஜின் பக்கவாட்டு முகம் நேர்முகமாக மாற்றப்பட்டது. இந்திய நோட்டில், தாளுக்குள் பதிக்கும் பாதுகாப்பு இழை முதன்முதலில் வந்ததும் அப்போதுதான். அறுபதுகளில் அளவு சிறுத்ததற்குக் காரணம் அன்றைய பொருளாதார நெருக்கடி. தாளின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய காலம் அது.

1996இன் மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலையைப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் மலையைப் பற்றி யாரும் பேசவில்லை. நீர்க்குறியில் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் உருவம்) சிங்கம் போய்க் காந்தியின் முகம் வந்துள்ளது, பாதுகாப்பு இழை விட்டுவிட்டு வெளியே தெரியும், நோட்டைக் கண் மட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் மறைந்திருக்கும் எண் தோன்றும் என்பனவே எங்களுக்குச் சொல்லப்பட்டவை. கவுண்டரில் இருப்பவர் படத்தைப் பார்ப்பதில்லை. கட்டை எடுத்து விரலால் தள்ளும்போதே தாளின் விறைப்பும் மேடாக அச்சான மையின் சொரசொரப்பும் கைக்குத் தெரிந்துவிடும். அந்த ஓட்டத்தில் ஒரு தாள் வழுவழுப்பாகப் போனால் கை தானாக நிற்கும். பருத்திக் கூழில் செய்த தாளுக்கு உள்ள ஓசை சாதாரணக் காகிதத்துக்கு வராது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அந்நாள்களில் நூறு நோட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பின் அடிப்போம். பின் விழுந்த இடம் பெரும்பாலும் நீர்க்குறி இருக்கும் வெற்றிடமாகவே இருக்கும். புழங்கப் புழங்க அந்த இடம் கிழிந்து ஓட்டையாகிவிடும். 2001இல் ரிசர்வ் வங்கி பின் அடிப்பதை நிறுத்தி, காகிதப் பட்டை கட்டச் சொன்னது. எந்தப் புதிய வடிவத்தையும்விட அந்த ஓர் உத்தரவே நூறு ரூபாய் நோட்டின் ஆயுளை அதிகம் கூட்டியது என்பது என் திடமான கருத்து.

பாலாறு

காசாளர் ஐயாவின் பதிவு மிகவும் பயனுள்ளது. என்றாலும் பாதுகாப்பு அம்சங்கள் எப்போது மாற வேண்டும் என்பதைக் கள்ள நோட்டு முடிவு செய்யலாம். அந்த மாற்றத்தின்போது எந்தப் படம் வர வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. அந்த இரண்டாவது முடிவை யாரோ ஒரு மேசையில் அமர்ந்துதான் எடுக்கிறார்கள், அதில் கருத்து வேறுபாடும் இருந்திருக்கிறது.

விடுதலைக்குப் பின் மன்னரின் இடத்தில் யாரை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, முதலில் காந்தியின் உருவமே கருதப்பட்டது. அதற்கான வரைவுகளும் தயாராயின. இறுதியில்தான் சாரநாத் சிங்கத் தலைப்பு என்று முடிவாயிற்று. மனிதர் ஒருவரின் முகத்துக்குப் பதிலாகப் பேரரசன் அசோகன் நிறுவிய தூணின் சின்னத்தைப் புதிய குடியரசு தேர்ந்தெடுத்தது சிறிய செய்தி அல்ல. காந்தி 1969இல் சிறப்பு வெளியீடாக வந்தார், 1987இல் ஐந்நூறு ரூபாய் நோட்டில் வந்தார், 1996இல் தொடங்கிய வரிசையில் எல்லா நோட்டுகளிலும் நிலைபெற்றார். நாம் நோட்டில் காணும் அந்தச் சிரித்த முகம் ஓவியரின் கற்பனை அல்ல. 1946இல் பிரிட்டிஷ் அமைச்சர் பெத்திக் லாரன்ஸ் பிரபுவுடன் காந்தி நிற்கும் புகைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது. நோட்டில் அது இடவலம் மாறிய பிம்பமாக அமைந்துள்ளது.

இழை நூறு ரூபாயைப் பற்றியது என்பதை மறக்கவில்லை. ஆனால் படத் தேர்வைப் பற்றிப் பேசும்போது நம் ஊரோடு தொடர்புடைய இரண்டு நோட்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1954இல் வெளியான ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ஆகிய மூன்றும் செல்லாதவையாக்கப்பட்டபோது அந்தப் படமும் புழக்கத்திலிருந்து மறைந்தது. அன்றைய ஆயிரம் ரூபாயைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பதால், நம் மக்களுக்கே இது பெரும்பாலும் தெரியாது.

இரண்டாவது, 1997 முதல் 2016 வரை நம் எல்லோர் கையிலும் புழங்கிய ஐந்நூறு ரூபாய். அதன் பின்புறம் காந்தி முன்னே நடக்க, மக்கள் பின்தொடரும் தண்டி யாத்திரைக் காட்சி உண்டு. அது தில்லியில் நிற்கும் சிற்பத் தொகுதி. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நீண்ட காலம் இருந்தவர் அவர். மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவர் செய்ததே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உடல்கள் முன்னோக்கிச் சாயும் அந்த விசை ஒரே கையிலிருந்து வந்தது என்பது விளங்கும்.

விரல்நுனி

நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியாக இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து கேட்டேன். படங்களைப் பற்றிய உரையாடல் எனக்குச் சுவையாகவே இருந்தது, ஆனால் நூறு ரூபாய் நோட்டின் வரலாற்றில் என்னைப் போன்றவர்களுக்கு மிகப் பெரிய மாற்றம் எது என்பதை இதுவரை யாரும் தொடவில்லை. அது நோட்டின் நீளம்.

1996 வரிசையில் ஐம்பது ரூபாய் 147 மில்லிமீட்டர் நீளம், நூறு 157, ஐந்நூறு 167, ஆயிரம் 177. நான்குக்கும் அகலம் 73. பத்தும் இருபதும் 63 மில்லிமீட்டர் அகலம்தான். இதன் பொருள் என்னவென்றால், நோட்டை வாங்கியதும் அகலத்தை விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தே அது சிறிய மதிப்பா பெரிய மதிப்பா என்று அறியலாம். பிறகு நீளத்தில் ஒவ்வொரு படிக்கும் முழு 10 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்ததால், மடித்து விரல்களின் மேல் வைத்துப் பார்த்து மதிப்பைச் சொல்லிவிடலாம். இந்தப் பழக்கத்தை நாங்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தோம். பேருந்திலும் காய்கறிக் கடையிலும் யாரையும் கேட்காமல் பணம் கொடுத்து வாங்கினோம்.

இப்போதைய வரிசையைக் கவனியுங்கள். பத்து 123, இருபது 129, ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நூறுக்கும் இருநூறுக்கும் இடையே 4 மில்லிமீட்டர். இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் இடையேயும் 4 மில்லிமீட்டர் மட்டுமே. அகலத்திலோ பத்து, இருபதின் 63க்கும் மற்றவற்றின் 66க்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 மில்லிமீட்டர். ஓரம் சற்று மடங்கியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ அந்த வேறுபாடு விரலுக்கு எட்டாது. நூறு ரூபாய் என்று நினைத்து ஐந்நூறைக் கொடுத்தால் இழப்பு நானூறு. நாள் கூலியில் வாழும் ஒருவருக்கு அது என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை.

தொட்டறியும் குறிகள் உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். நூறில் மேடான முக்கோணம் உள்ளது, ஐந்நூறில் வட்டம் உள்ளது, 2015 முதல் ஓரங்களில் சாய்கோடுகளும் வந்தன. நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. புத்தம் புதிய நோட்டில் அவை தெளிவாகத் தெரியும். ஆனால் மை மேடாக அச்சானது என்பதாலேயே அது கையில் தேயும். மீன் சந்தையிலும் பெட்டிக்கடையிலும் சில மாதங்கள் புரண்ட நூறு ரூபாயில் முக்கோணத்தை என் விரல் தேடித் தேடிக் காண்பதில்லை. காசாளர் ஐயா, நோட்டுக் கட்டை எடுத்து விரலால் தள்ளும்போது சொரசொரப்பு கைக்குத் தெரியும் என்று எழுதினீர்கள். அந்தச் சொரசொரப்பு முழுதும் போன பிறகும் எங்களுக்கு மிஞ்சியிருந்தது அளவு ஒன்றுதான்.

இந்தப் பிரச்சினையைப் பார்வையற்றோருக்கான தேசிய சங்கம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. கேமராவின் முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையமும் தேவையில்லை. அதை நான் மதிக்கிறேன், பயன்படுத்துகிறேன். ஆனால் நெரிசலான பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியையும் நோட்டையும் எப்படிப் பிடிப்பது? தாளிலேயே இருந்த வசதியை எடுத்துவிட்டுக் கருவியில் கொடுத்திருக்கிறார்கள்.

தாள்சேகரன்

விரல்நுனி அவர்களின் பதிவைப் படித்தபின் என் சேகரிப்பை எடுத்து அடுக்கி அளந்து பார்த்தேன். அவர் கொடுத்த அளவுகள் மிகச் சரியானவை. 1996 வரிசையின் நூறையும் 2018இன் நூறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நீளத்தில் 15 மில்லிமீட்டரும் அகலத்தில் 7 மில்லிமீட்டரும் குறைந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது.

அளவு குறைந்ததற்குச் செலவு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணப்பையில் அடங்குவது போன்ற வசதிகளும் உண்டு. ஆனால் நீளத்தைக் குறைப்பது வேறு, இடைவெளியைக் குறைப்பது வேறு. ஆஸ்திரேலிய நோட்டுகள் எல்லாம் ஒரே அகலம், 65 மில்லிமீட்டர்தான். ஆனால் ஐந்து டாலர் 130, பத்து 137, இருபது 144, ஐம்பது 151, நூறு 158 என்று ஒவ்வொரு படியிலும் சீராக 7 மில்லிமீட்டர் கூடுகிறது. 2016 முதல் புடைப்புக் குறிகளையும் சேர்த்தார்கள். அவை நெகிழி நோட்டுகள் ஆதலால் குறி அவ்வளவு விரைவாகத் தேய்வதில்லை. நம் நாட்டிலும் பத்து ரூபாயை நெகிழியில் அச்சிட்டு கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் சோதிக்கத் திட்டமிட்டார்கள். பின்னர் நூறு ரூபாய்த் தாளுக்கு மேற்பூச்சு பூசிச் சோதிக்கும் அறிவிப்பும் வந்தது.

என் முதல் பதிவின் கேள்விக்குத் திரும்பினால், காசாளர் ஐயா சொன்னதும் பாலாறு சொன்னதும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாற்றத்தின் நேரத்தைக் கள்ள நோட்டும் செலவும் தீர்மானிக்கின்றன. மாற்றத்தின் முகத்தை அரசு தீர்மானிக்கிறது. ஹிராகுட் அணையை 1957 ஜனவரியில் நேரு திறந்து வைத்தார். நாடு தன் கையால் கட்டிய ஒன்றை நாட்டு மக்களின் கையிலேயே கொடுத்த நோட்டு அது. ராணி கி வாவும் நீரைப் பற்றியதே என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பதினோராம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் முதலாம் பீமனின் நினைவாக அரசி உதயமதி கட்டிய அந்தக் கிணறு வெள்ள மண்ணால் மூடிப்போய், பின்பு தொல்லியல் துறையினரால் தோண்டி எடுக்கப்பட்டது. 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. படத்தின் தேர்வில் எனக்குக் குறையில்லை. அதைத் தாங்கும் தாளின் அளவில்தான் குறை.

செங்கரும்பு

ஒரு சந்தேகம், பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் பாட்டியின் பெட்டியில் சிங்கத் தலைப்பும் அணையும் உள்ள நூறு ரூபாய் நோட்டுகள் சில கிடைத்தன. அவை இன்றும் செல்லுமா? கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

முன்னாள்காசாளர்

தம்பி செங்கரும்பு, செல்லும். 2018இல் புதிய நூறு வந்தபோதே முந்தைய வரிசைகளின் நூறு ரூபாய் நோட்டுகள் அனைத்தும் தொடர்ந்து செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2014இல் 2005க்கு முந்தைய நோட்டுகளைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள் என்பதால் பலருக்குக் குழப்பம் ஏற்பட்டது. திரும்பப் பெறுவதும் செல்லாதென்று ஆக்குவதும் ஒன்றல்ல. நோட்டின் பின்புறத்தில் அச்சான ஆண்டு இருந்தால் அது 2005க்குப் பிந்தையது, இல்லையென்றால் முந்தையது. கடைக்காரர் மறுத்தால் உங்கள் வங்கிக் கிளையில் கணக்கில் செலுத்துங்கள். ஆனால் அதற்கு முன் தாள்சேகரனிடம் ஒரு முறை காட்டுங்கள். எண்ணும் கையொப்பமும் நிலையும் நன்றாக இருந்தால் நூறு ரூபாய்க்கு மேல் மதிப்பு இருக்கலாம். ஒட்டுத்தாள் ஒட்டவோ, ஈரத் துணியால் துடைக்கவோ வேண்டாம்.

பாலாறு

வடிவத்தில் எழுத்தும் ஒரு பகுதி என்பதால் இதையும் சேர்க்கிறேன். நோட்டின் பின்புறம் உள்ள மொழிப் பட்டியலில் பதினைந்து மொழிகள் உள்ளன. முன்புறத்தின் இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் பதினேழு. ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருப்பதால் தமிழ் பதின்மூன்றாவது வரியில் வருகிறது. 1950இல் இந்தப் பட்டியல் இதைவிடச் சிறியது.

2016இல் தொடங்கிய வரிசையில் தேவநாகரி எண்களும் நோட்டில் இடம்பெற்றன. அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு ஒன்றியத்தின் அலுவல் பயன்பாட்டுக்கு இந்திய எண்களின் பன்னாட்டு வடிவத்தை (1, 2, 3) குறிப்பிடுகிறது. ஆகவே தேவநாகரி எண்களைச் சேர்த்தது சரியா என்று கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் வழக்குத் தொடரப்பட்டது. அந்த எண்கள் நோட்டில் தொடர்கின்றன. ஓர் எழுத்து வடிவத்துக்குக் கூடுதல் இடம் கொடுக்கும்போது அதே பரப்பில் வேறு எதற்கு இடம் குறைகிறது என்பதை வடிவமைப்பவர்கள் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். 2010 ஜூலையில் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர்கிறேன். அதுவும் பின்னர் நூறில் இடம்பெற்றது.

விரல்நுனி

என் பதிவுக்கு மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. தாள்சேகரன் அவர்கள் நோட்டுகளை அளந்து பார்த்தது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது.

அடுத்த வரிசை எப்போது வந்தாலும் அதில் நான் வேண்டுவன மிகச் சில. அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே நீளத்தில் 7 மில்லிமீட்டராவது இருக்கட்டும். தேசிய அளவில் புழங்கும் தாளின் செலவில் அதற்கு இடமுண்டு என்பதற்கு நம் பழைய வரிசையே சான்று. ஐம்பது வரை ஓர் அகலம், நூறு முதல் மற்றோர் அகலம் என்று, விரல் தயங்காமல் அறியும் அளவுக்கு வேறுபாடு திரும்ப வரட்டும். மேடான குறியை நோட்டின் நடுவிலோ, மடிப்பு விழும் இடத்திலோ வைக்காமல், கை குறைவாகப் படும் மூலையில் வைக்கட்டும். வரைவு தயாரானதும், புதிய தாளை மட்டும் எங்கள் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்காமல், கசக்கியும் நனைத்தும் புழக்கத்தில் தேய்ந்தது போல் ஆக்கிய தாளையும் கொடுத்துக் கேட்கட்டும். காசாளர் ஐயா, தாளை அப்படித் தேய்த்துச் சோதிக்கும் முறை அச்சகங்களில் உண்டா என்பது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ரிசர்வ் வங்கிக்கு நாங்கள் அனுப்பவிருக்கும் மனுவில் அதைச் சேர்க்க வேண்டும்.